ஒத்தமரத்தின் தலைப்பிரசவம்

மலையுச்சிக் குளிரில் நின்றுகொண்டு செடிகளுக்குப் பெயர்ப்பலகை மாட்டுகிற என் ஏக புத்திரனுக்கு, பிள்ளையார்பாளையத்திலிருந்து உன் தகப்பன் எழுதுவது. இங்கே வெயில் சௌக்கியம். உங்கம்மா சௌக்கியம். நான் சௌக்கியமா என்று நீ கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால் அந்த விவரத்தை விட்டுவிடுகிறேன். போன் செய்தால் நீ கேட்கிற முதல் கேள்வி, "நைனா, காய் எப்படி இருக்குது?" அடுத்த கேள்வி, "அணில் வந்துச்சா?" அதற்கடுத்து என்னைப் பற்றிக் கேட்பாய் என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருப்பேன், அதற்குள் உங்கள் மலையில் சிக்னல் போய்விடும். பெற்ற தகப்பனைவிட ஒரு மரத்தின் வயிற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட்ட பிள்ளை ஈரேழு பதினாலு லோகத்திலும் நீ ஒருவன்தான். அதையும் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிகிறேன், அது வேறு விஷயம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ நடுவில் புகுந்து, "அப்படி இல்ல நைனா" என்பாய். கடுதாசியில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. இதைத் தபாலில் போடுவதற்கு முன்னால் தெருவில் எல்லோரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டப்போகிறேன். இதில் இருப்பது தெருவின் வழக்கு. அவர்களுக்குத் தெரியாமல் ஒரு வரிகூடப் போகக்கூடாது. ஆகவே உனக்கு நன்றாகத் தெரிந்த சங்கதிகளையும் ஆதியிலிருந்து சொல்வேன். பொறுமையாகப் படி.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வாசல் மரத்தில் அணில் போக மிஞ்சியிருக்கிற காய்கள் நிறம் மாறத் தொடங்கிவிட்டன. நீ அவற்றைப் பறித்துப் போக வரப்போகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை தெரு கூடி, ஒரு காய்கூட இந்தத் தெருவை விட்டுப் போகக்கூடாது என்று தீர்மானித்தது. நான் பேசி அதை மாற்றினேன். மாற்றுவதற்காக உன் பேரில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாக்கு என்ன, அதை நீ ஏன் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதம்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது நம் மாடியில் ஒரு தாவரவியல் வாத்தியார் குடியிருந்தார். லீவு விட்டால் மனுஷன் மலைக்காட்டுக்குப் போய்விடுவார். திரும்பி வரும்போது சட்டைப் பையில் காசு இருக்காது, விதை இருக்கும். மொட்டைமாடியில் பால்பவுடர் டப்பா, எண்ணெய் டப்பா, உன் சத்துமாவு டப்பா எல்லாவற்றிலும் மண்ணைப் போட்டு எதையோ முளைக்க வைத்துக்கொண்டே இருப்பார். முளைத்ததை மூட்டை கட்டி எந்தெந்த ஊர்த் தோட்டங்களுக்கோ அனுப்புவார். மாற்றலாகிப் போகும்போது ஒரு கன்று மிச்சம் இருந்தது. அதை நம் வாசல் ஓரம் தெருவை ஒட்டி நட்டுவிட்டு, "இதை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றார். "வாத்தியாரே, உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கிறேன்" என்றேன். உயிரைக் கொடுக்கவில்லை. துணி துவைத்த தண்ணீரைக் கொடுத்தேன். அது அதையே பன்னீராக நினைத்து வளர்ந்தது.

வளர்ந்ததும் தெருவுக்குப் பயன்பட்டது. விடியற்காலையில் நம் தெருவில் பாவு விரிப்பார்கள் அல்லவா, தறியில் ஏறப்போகிற பட்டு நூல் தெரு நீளத்துக்கு விரிந்து கிடக்கும். கஞ்சி தெளித்து, சிக்கெடுத்து, முறுக்காக இழுத்துக் கட்ட முனையில் ஒரு கம்பம் வேண்டும். பக்கத்து வீட்டு வரதனுக்கு நம் மரம்தான் அந்தக் கம்பம். மற்றபடி அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது. வருஷா வருஷம் பங்குனியில் சேமியா உதிர்த்த மாதிரி பூக்கும், கொட்டும், ஒரு காய்கூடப் பிடிக்காது. மலட்டு மரம் என்று தெருவில் பேச்சு. உங்கம்மாவுக்கு மட்டும் அந்த வார்த்தை பிடிக்காது. யாராவது சொன்னால், பெருக்குவதை நிறுத்திவிட்டு அவர்களை ஏற இறங்கப் பார்ப்பாள்.

பிறகு நீ கல்லூரியில் இதே தாவரவியலை எடுத்துப் படித்தாய். தெருவில் இருக்கிற இலைகளையெல்லாம் பேப்பரில் அழுத்திப் பேர் எழுதி வரச் சொன்னார்கள். வேம்பு, புங்கன், முருங்கை எல்லாவற்றுக்கும் பேர் கிடைத்தது, வாசலில் இருந்ததற்குக் கிடைக்கவில்லை. உன் பேராசிரியருக்கும் தெரியவில்லை. சென்னையில் உலர்ந்த இலைகளை அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கிற இடத்துக்கு அந்தக் கிளையை எடுத்துப் போனாய். திரும்பி வந்த அன்று நீ சாப்பிடவில்லை. நேராக மரத்தடியில் போய் நின்றாய். பெண் பார்த்துவிட்டு வந்து பிரமை பிடித்தவன்கூட அப்படி நின்றிருக்க மாட்டான்.

"நைனா, இது காட்டுல இல்ல."

"காட்டுல இல்லன்னா இன்னாடா, அதான் வாசல்ல இருக்குதே."

"அப்படி இல்ல நைனா. இது மொளைச்ச பள்ளத்தாக்கு மொத்தமும் அணைத் தண்ணிக்குள்ள போயிடுச்சு. வேற எந்தக் காட்டுலயும் கிடையாது, தேடிப் பாத்துட்டாங்க. நம்ம மாடி வாத்தியாரு தண்ணி ஏறதுக்கு முன்னாடி வெதை பொறுக்கிக்கினு வந்திருக்காரு. அவரு அனுப்பின கன்னுல பொழைச்சது ரெண்டு மூணு தோட்டத்துல நிக்குது. எல்லாமே ஆண் மரம். காய்க்கிற மரம் ஒண்ணுகூட மிஞ்சலன்னு எழுதி வெச்சிருக்காங்க."

உங்கம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "அப்ப இது?"

"இது பொம்பள மரம்மா."

அவள் மரத்தை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "தொணை இல்லாததுக்குப் போயி இன்னா பேரு வெச்சாங்க பாரு" என்றாள். அன்றைக்கு அதற்கு நல்ல தண்ணீர் ஊற்றினாள்.

அடுத்த வாரம் கரண்ட் கம்பியில் படுகிறது என்று கிளையை வெட்ட ஆட்கள் வந்தார்கள். நீ குறுக்கே போய் நின்று, "அண்ணா, இதுல பொம்பள மரம் உலகத்துலயே ஒண்ணுதான் இருக்குது" என்றாய். அவர்கள் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. அதுதான் பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் ஆரம்பம். நான் காந்தி ரோட்டில் பட்டுப்புடவை விரித்துப் போடுகிறவன். வாய் சும்மா இருந்தால் புடவை தானாக மடங்கிக்கொள்ளும் என்பது எங்கள் தொழில் நம்பிக்கை. கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களிடம், "பில்லு போடற நேரத்துல எங்க தெருவுக்கு ஒரு நடை போயிட்டு வாங்கம்மா, உலகத்துலயே ஒரே மரம்" என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் அது போதவில்லை. பல்லவ ராஜாவின் பட்டத்து யானையை அதில்தான் கட்டினார்கள் என்றேன். மரத்துக்கு உன் வயசு. யானை வந்து மறுக்கப்போவதில்லை. அப்புறம் பிரளயத்தில் மூன்று லோகமும் முழுகியபோது இந்த ஒரு கிளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்றும், அதில் உட்கார்ந்திருந்த காக்காயின் வம்சம்தான் இன்றைக்கு நம் வீட்டு மதிலில் வடை திருடுகிறது என்றும் சொன்னேன்.

பலித்துவிட்டது. மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றினார்கள். சந்தனம், குங்குமம், எலுமிச்சை மாலை. ஒத்தமரம் என்று பேர் வந்தது. ஆடி மாதத்தில் ஒத்தமரத்தம்மா ஆனது. வரதன் மரத்தில் பாவுக் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டுத் தனியாகக் கல் தூண் நட்டுக்கொண்டான். கோயில் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களை ஆட்டோக்காரர்கள் நம் சந்துக்குள் கூட்டி வந்தார்கள். வந்தவர்கள் மரத்தைப் பார்த்தார்கள், தறிச் சத்தம் கேட்டு வரதன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள், தறியிலிருந்து இறங்கின புடவையை அங்கேயே வாங்கிப் போனார்கள். நடுவில் கடை இல்லை, தரகர் இல்லை, நானும் இல்லை. என் வாயாலேயே என் முதலாளியின் வியாபாரத்தைப் பாதியாகக் குறைத்த ஒரே விற்பனையாளன் நான்தான். இதைத் தமாஷுக்காகச் சொல்லவில்லை. தெரு ஏன் அப்படி முறுக்கிக்கொண்டது என்று உனக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். பக்திக்காக மட்டும் அவர்கள் சண்டை போடவில்லை. அந்த மரம் அவர்களுக்குச் சோறும் போடுகிறது.

அப்புறம் மரத்துக்குக் கல்யாணம். ஆண் மரம் நிற்கிற தோட்டத்திலேயே உனக்கு வேலை கிடைத்தது. போன பங்குனியில் இங்கே பூத்ததும் நீ மகரந்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்று உனக்கு நினைப்பு. கோயிலில் சுவாமிக்கே கல்யாணம் நடக்கிற மாசத்தில், இந்த ஊரில், எது தெரியாமல் நடக்கும்? நீ தெருமுனையில் திரும்புவதற்குள் பெண்கள் தட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பழம், பூ, மஞ்சள், கல்கண்டு, பாக்கு. வரதன் உனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மாப்பிள எங்கப்பா?" என்றான்.

"பெட்டிக்குள்ள இருக்குது வரதண்ணா."

"இத்துனூண்டு பெட்டியிலயா? ஆளு கட்டையா?"

"பொடி மாதிரி இருக்கும்ணா."

"பொடிக்குப் போயி பொண்ணு குடுக்குறோமே மாமா" என்று என்னிடம் திரும்பினான். தெருவில் பல் முளைத்தவன் முதல் பல் விழுந்தவன் வரை எனக்கு மாமா என்றுதான் பேர். பிறகு அவன் முகம் மாறியது. "அது சரி, ரெண்டும் ஒரே காட்டு வெதைன்னியே. அண்ணன் தங்கச்சியா ஆயிடாது?"

எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. "அதான் எங்களுக்கும் பயம்ணா. சோதிச்சுப் பாத்துட்டோம். தாய் மரம் வேற வேற. தூரத்து ஒறவு" என்றாய். "அப்ப அத்தை புள்ள, மாமன் பொண்ணுன்னு வெச்சுக்க" என்று நான் முடித்து வைத்தேன். நீ ஏணியில் ஏறி, பெயிண்ட் பிரஷ் மாதிரி ஒரு சின்னத் தூரிகையால் பூப்பூவாகத் தொட்டாய். கீழே செல்வி, அதுதான் வரதன் வீட்டுக்காரி, குலவை விட்டாள். உன் காது சிவந்துபோனது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உனக்கு ஒரு கல்யாணம் என்று நான் பேச்செடுத்தால் அந்தக் காதுதான் கேட்காது.

காய் பிடித்தது. மரம் பிறந்ததிலிருந்து முதல் காய். எலுமிச்சை அளவு ஆனதும் அணிலுக்கும் வௌவாலுக்கும் பயந்து நீ கொத்துக் கொத்தாக வலைத்துணிப் பை கட்டிவிட்டுப் போனாய். ஆவணியில் தெருப் பெண்கள் வளைகாப்புப் போட முடிவு செய்தார்கள். மாசக் கணக்கை யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மரத்தின் மாசக் கணக்கு மருத்துவச்சிக்கும் தெரியாது. ஐந்து வகைச் சாதம் ஆயிற்று, கிளையெல்லாம் கண்ணாடி வளையல் ஆயிற்று. செல்வி பைகளைப் பார்த்துவிட்டு, "மாசமா இருக்குற பொண்ண இப்டியா மூட்ட கட்டி வெப்பாங்க? மூச்சு முட்டாதா?" என்றாள். எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அவிழ்த்துவிட்டார்கள். நான் கடையில் இருந்தேன். உங்கம்மா பாயசத்தில் இருந்தாள். மறுநாள் காலையில் அணில் கூட்டம் வந்து பந்தியில் உட்கார்ந்தது. வளையலை ஒன்றும் செய்யவில்லை, அதைச் சொல்ல வேண்டும்.

நீ வந்து மரத்தடியில் சிதறிக் கிடந்ததைப் பார்த்தாய். தெரு முழுக்கக் கதவை ஒருக்களித்துக்கொண்டு உன் முகத்தைப் பார்த்தது. நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. மிச்சம் எவ்வளவு என்று அண்ணாந்து பார்த்தாய். இரண்டு கை கொள்ளும் அளவு இருந்தது. செல்வி அழுதுகொண்டே வந்து நின்றபோது, "அக்கா, காத்தும் போவணும், அணிலும் கடிக்கக் கூடாது, அந்த மாதிரி கெட்டித் துணியில பை தெச்சுக் குடுப்பியா?" என்று கேட்டாய். அவள் பொழுது சாய்வதற்குள் தைத்துக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் எனக்கு உன்னைப் பற்றி ஒரு தைரியம் வந்தது. தப்புச் செய்தவர்களையே காவலுக்கு வைக்கத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாக இருந்தால் ராமாயண யுத்தம் மாதிரி ஒன்று நடத்தியிருப்பேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தெருமுனைப் பிள்ளையார் கோயில் வாசலில் கூடினோம். வரதன் எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டான்: "மாமா, ஒத்தமரம்னு பேரு. நாலு எடத்துல நட்டுட்டா அப்புறம் இன்னா பேரு வெப்பே? ஆட்டோக்காரன் எதுக்கு இந்தச் சந்துக்குள்ள நொழைவான்?"

அவன் பேசியது என் வசனம். காந்தி ரோட்டில் நான் விற்றதையே எனக்குத் திருப்பி விற்றான். உள்ளதைச் சொன்னால் எனக்கும் அந்தப் பேச்சு இனித்தது. உலகத்திலேயே ஒரே மரம் வைத்திருப்பவன் என்ற பட்டம் போனால் நான் யார்? மூட்டுவலிக்காரன் ஒருவன், புடவை மடிக்கிறவன்.

ஒருவர், காய்களை வெள்ளிச் செம்பில் போட்டுப் பூஜையறையில் வைத்துவிடலாம் என்றார். அதற்கு மட்டும் நீ சொன்னது ஞாபகம் வந்தது. "நெல்லு மாதிரி காயவெச்சு மூட்ட கட்டுற ரகம் இல்ல இது. ஈரம் போனா உசுரு போயிடும். பழுத்த கையோட மண்ணுல போடணும். மரமாதான் வெச்சுக் காப்பாத்த முடியும்" என்றேன். எல்லாவற்றையும் நம் தெருவிலேயே நட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். "எங்க நடுவே? உங்க வூட்டுத் தறிக்குழியிலயா?" என்று கேட்டேன். போன கார்த்திகைப் புயலில் நம் மரத்தின் பெரிய கிளை முறிந்து வரதன் வீட்டு ஓட்டின்மேல் விழுந்ததை ஞாபகப்படுத்தினேன். கிளையோடு போயிற்று; அடிமரம் சாய்ந்திருந்தால் அந்த ஜாதியே அன்றைக்கு முடிந்திருக்கும். எல்லாம் ஒரே தெருவில் இருந்தால் ஒரே காற்று போதும். தலையாட்டினார்கள். ஆனால் யாரும் சரி என்று சொல்லவில்லை.

அப்போதுதான் வேறு வழியில் போனேன். "வரதா, பெட்டியில மாப்பிள வந்தப்ப தட்டு எடுத்தது யாரு?"

"நாங்கதான்."

"வளைகாப்பு போட்டது?"

"எங்க வூட்டுக்காரிதான். அதான் அணிலுக்கு ஆச்சே."

"அத்த வுடு. தலப்பிரசவம் எங்க நடக்கும்?"

"பொறந்த வூட்ல."

"பொறந்த கொழந்தய இங்கியே வெச்சுக்குவியா, புருசன் வூட்டுக்கு அனுப்புவியா? உம் பொண்ணு கொழந்தய இன்னா பண்ணே?"

வரதன் என்னை முறைத்தான். செல்வி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். "அனுப்பாம எப்டி மாமா. மூணு மாசத்துல சீரோட கொண்டுபோயி வுட்டோம்" என்றான். "அப்ப இதையும் அனுப்பு" என்றேன். சபையில் அசைவு வந்தது. நம் தெருவில் சட்டம் தோற்கும், வழக்கம் தோற்காது.

ஆனால் வரதன் பாவு இழுக்கிறவன். விட்டுக் கொடுக்கும்போதும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டுதான் விடுவான். "சரி, அனுப்புறோம். ஆனா ஒண்ணு. அந்த மலைத் தோட்டத்துக்காரங்க எல்லாத்தையும் அவங்களே வெச்சுக்கினு, உலகத்துலயே எங்ககிட்டதான் இருக்குதுன்னு போர்டு மாட்டக்கூடாது. நாங்க வுட்ட பெருமைய அவங்க எடுத்துக்குவாங்களா? கெடைக்கிற தோட்டத்துக்கெல்லாம் பிரிச்சுக் குடுக்கணும். அவங்களும் ஒத்தமரம் இல்ல, நாங்களும் ஒத்தமரம் இல்ல. புள்ள பேருல வாக்குக் குடு மாமா." கொடுத்தேன். பிள்ளையார் முன்னால் கற்பூரத்தை அணைத்துக் கொடுத்தேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். இந்தக் கூட்டத்துக்கு முந்தின வாரம் நீ போனில் ஒன்று சொன்னாய். "எங்க டைரக்டரு வெளித் தோட்டத்துக்குத் தர வேணாம்னு பாக்குறாரு நைனா. மொதல்ல நம்மகிட்ட நெறைய வரட்டும்னு சொல்றாரு." நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல" என்றாய். உன் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, வருஷா வருஷம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் நீட்டிப்பு என்பது எனக்குத் தெரியும். அதனால் பேசாமல் இருந்தாய் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் உன் குரலை நினைத்துப் பார்த்தேன். அதில் பயம் மட்டும் இல்லை. உன் தோட்டம், உன் மரம், தூரிகை பிடித்த உன் கை, உலகமெல்லாம் உங்களைத் தேடி வரவேண்டும் என்கிற ருசியும் கொஞ்சம் இருந்தது. எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். கடையில் தினமும் அந்தக் குரலில்தான் புடவை விற்கிறேன். யானையைக் கட்டிய மரத்தடியில் பிறந்த பிள்ளைக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகவே என் புத்திமதி இவ்வளவுதான். புறப்படுவதற்கு முன்னால் டைரக்டரிடம் பேசு. வீராவேசம் வேண்டாம், மேஜையைத் தட்டாதே, அது அவர் மேஜை. இந்தக் காய்கள் தோட்டத்துக்குச் சொந்தமானவை இல்லை, ஒரு தெரு நிபந்தனையோடு தருகிறது என்று சொல். புயலில் விழுந்த கிளையின் போட்டோ உன்னிடம் இருக்கிறது, அதைக் காட்டு. எங்களுக்கு ஒரு காற்று என்றால் உங்கள் மலையில் ஒரு காட்டுத்தீ போதும் என்று உனக்கே தெரியும். நீதான் எனக்குச் சொன்னாய். அவர் மறுத்தால் எனக்குச் சொல்லிவிடு. மூடி மறைத்துப் பையில் போட்டுக்கொண்டு போகாதே. நான் தெருவில் பொய்யன் என்று பேர் எடுப்பது புதிதில்லை. ஆனால் அது யானை, பிரளயம், காக்காய் விஷயத்தில். கேட்கிறவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கற்பூரம் அணைத்தது அந்தக் கணக்கில் வராது. அதனால் உன் வேலைக்கு ஆபத்து வருமா என்றால், வரலாம். வராது என்று பொய் சொல்ல மாட்டேன். வந்தால் வீட்டுக்கு வா, மாடி காலியாகத்தான் இருக்கிறது, டப்பாக்களும் இருக்கின்றன. அது சின்ன விஷயம் என்றும் சொல்லவில்லை. யோசித்துச் செய்.

வரும்போது இன்னும் சில. ஷூவோடு மரத்தடிக்குப் போகாதே. காய்களைப் பேப்பர் கவரில் போடாதே, தட்டில் வைத்துத் தருவார்கள், தட்டிலேயே வாங்கிக்கொள். பஸ் ஸ்டாண்டு போய் எதில் வேண்டுமானாலும் மாற்றிக்கொள். செல்வி கொடுக்கிறதைச் சாப்பிடு. அணிலைப் பற்றி வாயைத் திறக்காதே.

மேலே எழுதியதை நேற்றுச் சாயங்காலம் தெருவில் வாசித்தேன். யானை வந்த இடத்தில் சிரித்தார்கள், அது என் புளுகு என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. வளைகாப்பு வந்த இடத்தில் செல்வி எழுந்து உள்ளே போய்விட்டாள். டைரக்டர் வந்ததும் வரதன் தொடையைத் தட்டி, "நான் சொல்லல?" என்றான். உன் வேலையைப் பற்றி வாசித்தபோது அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

இன்று காலையில் வரதன் தனியாக வந்தான். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். காபி கொடுத்தும் உட்காரவில்லை.

"மாமா, ஒண்ணு கேட்டா புள்ள கோச்சுக்குமா?"

"கேளு."

"அதுல ஒரு கன்னு நம்ம பொண்ணு வூட்டுக்குக் கெடைக்குமா? வாலாஜாபாத்ல கொல்ல பெருசு. போர்த் தண்ணி இருக்குது. எங்க மாப்பிள பாத்துக்குவாரு."

"ஒண்ணுகூட தெருவ வுட்டுப் போவக்கூடாதுன்னது நீதானே."

"அது வேற மாமா. இது பொண்ணு வூடு."

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். அது தோட்டம் இல்லை, பதிவு இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பாய். யோசித்துப் பார். வாத்தியார் தோட்டங்களுக்கு அனுப்பிய கன்றுகளில் ஒரு பெண்கூடப் பிழைக்கவில்லை. பிழைத்தது, பதிவு இல்லாத வாசலில் சோப்புத் தண்ணீர் குடித்த இது ஒன்றுதான். முளைத்ததும் ஒரு கன்றை அவனுக்குக் கொடு. உங்கள் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல். வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார், அங்கே சாப்பாடு நன்றாக இருக்கும்.

போகும்போது வாசற்படியில் திரும்பி நின்றான். "அங்க ஒரு போர்டு வெக்கணும் மாமா. நீதான் சொல்லணும். உலகத்துலயே... அப்புறம் இன்னா எழுதறது?"

இத்தனை வருஷத்தில் இந்த மாதிரிக் கேள்விக்கு நான் மூச்சு விடுகிற நேரம்கூட எடுத்துக்கொண்டதில்லை. இப்போது எடுத்துக்கொண்டேன். ஒரே மரம் என்று எழுத முடியாது. இரண்டாவது என்று எழுதினால், அதற்குள் உன் மலையில் முளைத்திருக்கும், வேறு ஊர்களில் முளைத்திருக்கும்.

"உலகத்துலயேங்கறத எடுத்துடு" என்றேன்.

"எடுத்துட்டா அப்புறம் இன்னா இருக்குது எழுத?"

"மரத்தோட பேரு."

வரதன் என் முகத்தை நம்பாமல் பார்த்தான். நான் ஏதோ கேலி செய்கிறேன் என்று நினைத்து, மிச்சத்தைச் சொல்வேன் என்று காத்திருந்தான். அவ்வளவுதான் என்று தெரிந்ததும் அவன் முகம் தொங்கிப்போனது.

"பேரு மட்டும்னா, அது எல்லா மரத்துக்கும் போடறதுதானே மாமா."

"ஆமா வரதா" என்றேன். "அதுக்குத்தான் இத்தினி பாடு."

டைரக்டரிடம் பேசிவிட்டுப் புறப்படு. தட்டு தயாராக இருக்கிறது.

உன் நைனா